ஐந்து ஓட்டையும் பொருந்தியது

இந்த முறை சினிமா இல்லை, கிரிக்கெட் இல்லை, செமஸ்டர் புலம்பலும் இல்லை. வண்டிச் சக்கரம். "அதில் எழுத என்னப்பா இருக்கு?" என்று கேட்பவர்கள், நடுவில் எங்கள் குடும்பத்துக்கே வயிற்றைக் கலக்கிய ஓர் இடம் வரும், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பழைய ஜீப்போ ஜிப்சியோ வைத்திருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து கடைசிவரை படித்துவிடுங்கள்.

டிஸ்கி: நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவன். மெக்கானிக் இல்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு எப்படித் தெரிய வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீடு கோரிமேட்டில். வெளியூர்க்காரர்களுக்குக் கோரிமேடு என்றால் ஜிப்மர். தமிழ்நாட்டின் பாதி மாவட்டங்களிலிருந்து விடியற்காலையில் பஸ் பிடித்து வந்து, கையில் ஃபைலோடு வரிசையில் நிற்பார்கள். பைக் வைத்திருப்பவர்களுக்குக் கோரிமேடு என்றால் எல்லை. இந்தப் பக்கம் புதுச்சேரி, நாலு எட்டு வைத்தால் தமிழ்நாடு. எங்க அப்பாவுக்கு மட்டும் கோரிமேடு என்றால் போலீஸ் மைதானம். அவர் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் மாருதி ஜிப்சி புதுசு. அது வந்தது 1985 டிசம்பரில். மைதானத்துப் பக்கம் போலீஸ் ஜிப்சி போனால் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு நின்று பார்ப்பாராம். "ஒரு நாள் நானும்" என்று அன்றைக்கு நினைத்தது, 2016-இல்தான் நடந்தது. இரண்டாம் கையாக ஒரு 2010 மாடல் ஜிப்சி கிங் வாங்கினார். அதுவரை எங்களுக்கு இருந்தது ஒரு ஸ்கூட்டர்தான்.

தெரியாதவர்களுக்காக ஜிப்சி புராணம் கொஞ்சம். முதலில் வந்தது 970 சிசி இன்ஜின். 1993-இல் இரண்டு பக்கச் சக்கரங்களுக்கு நடுவில் உள்ள அகலத்தை 90 மி.மீ. கூட்டினார்கள். 1996-இல் 1.3 லிட்டர் இன்ஜினோடு 'கிங்' வந்தது. 2019 மார்ச்சில் உற்பத்தி நின்றது. முப்பத்து மூன்று வருஷம் கிட்டத்தட்ட ஒரே முகம். எங்கள் வண்டியில் ஏசி கிடையாது. பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்ச் சீட். அடியில் லாரி மாதிரி பட்டை ஸ்பிரிங். குழியில் இறங்கினால் முதுகெலும்பு ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். எங்க ஆயா அதற்கு வைத்த பெயர் 'குதுர வண்டி'. ஆனாலும் பின் சீட்டில் இடது பக்க மூலை ஆயாவுக்கு என்று எழுதாத சட்டம். அதில் வேறு யாரும் உட்கார முடியாது.

அம்மாவுக்கு அந்த வண்டி மேல் பெரிய அபிப்பிராயம் கிடையாது. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்தால் அன்றைக்குத் தீபாவளி. ஆனால் 2024 நவம்பர் 30 ராத்திரி அம்மாவும் வாயை மூடிக்கொண்டார். ஃபெஞ்சல் புயல் எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. இருபத்து நாலு மணி நேரத்தில் புதுச்சேரியில் சுமார் 48 செ.மீ. மழை. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு மூச்சுத் திணறல். கார் வைத்திருந்தவர்கள் கார் மிதக்கிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்க அப்பா ஜிப்சியில் நாலு சக்கர இழுவையைப் போட்டு, தாத்தாவை ஏற்றிக்கொண்டு, தண்ணீரைப் பிளந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். தாத்தா இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். குதுர வண்டிக்கு வீட்டில் மரியாதை கூடிவிட்டது.

ஆனால் அந்தத் தண்ணீர் வண்டியை விடவில்லை. ஏற்கெனவே உப்புக் காற்றில் பதினாலு வருஷம் ஊறிய இரும்பு ரிம். டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் இடம் செதில் செதிலாகத் துரு. காற்று அடித்தால் மூன்று நாள்தான். பஞ்சர் கடை அண்ணன் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். பஞ்சரே இல்லை, ரிம்மைச் சுற்றி நுரை நுரையாகப் பொங்குகிறது.

"ரிம்மு உளுத்துப் போச்சு தம்பி. ட்யூபு போட்டு ஓட்டலாம். ஆனா எத்தினி நாளைக்கு?"

இன்னொரு கெடுவும் இருந்தது. 2010 வண்டி. 2025-இல் பதினைந்து வருஷம் முடிகிறது. ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். வண்டியைக் கொண்டுபோய்ப் பரிசோதனைக்கு நிறுத்த வேண்டும், 2022 ஏப்ரலிலிருந்து சொந்தக் காருக்குக் கட்டணம் ஐயாயிரம் ரூபாய், தேறினால் இன்னும் ஐந்து வருஷம். உளுத்துப் போன ரிம்மோடு போய் நிற்க அப்பாவுக்கு மனசில்லை. "இதுல தேறலைன்னா வித்துடலாம்" என்றார் அம்மா. அப்பா பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாவிட்டால் ரொம்ப யோசிக்கிறார் என்று அர்த்தம்.

இங்கேதான் அடியேன் உள்ளே நுழைந்தேன். "அப்பா, அலாய் வீல் போடலாம்!"

என் கிளாஸ் பையன் ஒருவன் அவன் மாமாவின் காரிலிருந்து கழற்றிய நாலு அலாய் சும்மா கிடக்கிறது என்றான். ஐந்து ஓட்டை. பார்க்கவும் அம்சமாக இருந்தது. ஜிப்சிக்கும் ஐந்து ஓட்டை. போதாதா? போதாது. சக்கரத்து ஓட்டைகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டத்துக்குப் பிசிடி என்று பெயர். ஓட்டை எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் அந்த வட்டம் வேறாக இருந்தால் ரிம் ஏறாது. ஐந்து ஓட்டை ரிம்மில் இதை நேரடியாக அளக்க முடியாது, ஏனென்றால் ஒரு ஓட்டைக்கு நேர் எதிரே இன்னொரு ஓட்டை கிடையாது. அதற்கு ஒரு குறுக்குவழி. பக்கத்துப் பக்கத்து இரண்டு ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்து, அதை 1.7 ஆல் பெருக்குங்கள். வெர்னியர் எடுத்துப் போய் அளந்தேன். ஜிப்சியில் 82 மி.மீ. வந்தது. பெருக்கினால் 139.7-க்குப் பக்கம். நண்பன் கொடுத்த அலாயில் 67 மி.மீ. அதாவது 114.3 பிசிடி. ஜப்பான் வழிக் கார்கள் நிறையவற்றில் இருக்கும் அளவு. நடுவில் அடாப்டர் தட்டு வைத்து மாட்டலாம் என்றான் நண்பன். கூடுதல் எடை, கூடுதல் போல்ட், சக்கரம் வெளியே தள்ளிக்கொண்டு பேரிங்குக்குக் கூடுதல் சுமை. வேண்டாம் என்று கும்பிடு போட்டேன்.

அப்புறம்தான் ஜிம்னி ஞாபகம் வந்தது. ஐந்து கதவு மாருதி ஜிம்னி இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2023 ஜூனில். அதில் ஆல்ஃபா மாடலுக்குக் கம்பெனியே 15 அங்குல அலாய் கொடுக்கிறது. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் வந்த வாரமே அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பெரிய டயராக மாட்டிக்கொள்கிறார்கள். கழற்றியது பழைய விலைக்கு விற்பனைக்கு வரும். கம்பெனி ரிம், புத்தம் புதுசு, பிசிடி 139.7, நடு ஓட்டை 108 மி.மீ., போல்ட் 12 மி.மீ. தடிமன், 1.25 மரை. மூன்றும் ஜிப்சியின் அளவுகளேதான்! சாட்சாத் அண்ணன் தம்பி.

இது எப்படி என்று தோண்டிப் பார்த்தபோது கிடைத்த விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. 139.7 என்று ஒரு முழுமையில்லாத எண்ணை எந்த இன்ஜினியர் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுப்பான்? யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. 5.5-ஐ 25.4 ஆல் பெருக்குங்கள். அது ஐந்தரை அங்குலம்! இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் 1941-லிருந்து 1945 வரை செய்த வில்லிஸ் ஜீப்பின் சக்கரத்தில் ஐந்து போல்ட், ஐந்தரை அங்குல வட்டம். போருக்குப் பிறகு ஜப்பானில் மிட்சுபிஷி அந்த ஜீப்பை உரிமம் வாங்கித் தயாரித்தது. 1970-இல் சுசுகி, எல்ஜே 10 என்று 359 சிசியில் ஒரு குட்டி ஜீப் கொண்டு வந்தது. அந்த வம்சத்தில்தான் நம்ம ஊர் ஜிப்சி, இன்றைய ஜிம்னி எல்லாம். இன்ஜின் மாறியது, பட்டை ஸ்பிரிங் போய்ச் சுருள் ஸ்பிரிங் வந்தது, அந்த ஐந்தரை அங்குலம் மட்டும் மாறவே இல்லை. நாங்கள் இருப்பதோ மீட்டர் அளவை 1795-இலேயே சட்டமாக்கிய பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். இங்கே ஓடும் என் வீட்டு வண்டியில் ஓர் அங்குலக் கணக்கு, மில்லிமீட்டர் வேஷம் போட்டுக்கொண்டு எண்பது வருஷமாக உயிரோடு இருக்கிறது.

இதையெல்லாம் அப்பாவிடம் மூச்சு விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஓட்டை பொருந்தும். மத்தது?"

நல்ல கேள்வி. மற்றதையும் பார்த்தேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், உபயோகப்படும்.

ஆஃப்செட். ரிம்மின் அகலத்தின் நட்டநடுக் கோட்டுக்கும், அது ஹப்பில் ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரம். இது தப்பானால் சக்கரம் உள்ளே போய்ப் பட்டை ஸ்பிரிங்கில் உரசும், இல்லை வெளியே வந்து மட்கார்டில் உரசும். ரிம்மைக் குப்புறப் போட்டு, குறுக்கே ஒரு நேரான கட்டையை வைத்து, அங்கிருந்து ஒட்டும் முகம் வரை ஆழம் அளந்தால் தெரிந்துவிடும். எங்கள் பழைய ரிம்முக்கும் ஜிம்னி ரிம்முக்கும் வித்தியாசம் என் விரல் நகத்தின் அகலம்கூட இல்லை.

நட்டின் வாய். நட்டின் முனை கூம்பாக இருக்கிறதா, உருண்டையா, தட்டையா என்று பார்க்க வேண்டும். ரிம் ஓட்டையின் வாயும் அதே வடிவமாக இருக்க வேண்டும். மாறினால் ஒரு கோட்டில்தான் தொட்டுக்கொண்டிருக்கும். ஜிப்சி, ஜிம்னி இரண்டுமே கூம்பு.

போல்ட்டின் நீளம். இரும்பு ரிம் தகடு மெல்லியது. அலாய் தடிமன். அதனால் நட்டு பிடிக்க மிச்சம் இருக்கும் மரை குறையும். குறைந்தது போல்ட்டின் தடிமன் அளவுக்காவது நட்டு உள்ளே ஏற வேண்டும் என்பது பொது விதி. 12 மி.மீ. போல்ட், ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. ஆக, கையால் சுற்றும்போது பத்துச் சுற்றாவது ஏற வேண்டும். ஏறியது.

டயரின் உயரம். எங்கள் பழைய டயர் 205/70 ஆர் 15. ஜிம்னி ரிம்மோடு வந்தது 195/80 ஆர் 15. கணக்குப் போட்டால் பழையது 668 மி.மீ. விட்டம், புதியது 693. வண்டி தரையிலிருந்து பன்னிரண்டரை மில்லிமீட்டர் கூடுதலாக உயரும். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது உண்மையில் 83-இல் போய்க்கொண்டிருப்போம். "பரவாயில்லப்பா, நாலு பர்சென்ட்கூட இல்ல" என்றேன். அப்பா உம் என்றார்.

2025 ஜனவரியில் ஐந்து ரிம்மும் கைக்கு வந்தன. ஊருக்குள் ஒரு கடையில் மாட்டினோம். பெயர் வேண்டாம். ஏர் கன்னை வைத்து 'டர்ர்ர்' என்று ஒரு சக்கரத்துக்கு ஒரு நிமிஷம். மொத்த வேலையும் டீ ஆறுவதற்குள் முடிந்தது. வண்டி பத்து வயசு குறைந்த மாதிரி நின்றது. அம்மாவே ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். நான் போட்டோவாக எடுத்துத் தள்ளினேன்.

மூன்றாம் நாள் திண்டிவனத்தில் ஆயாவின் தங்கை வீட்டில் விசேஷம். அப்பா ஓட்ட, நான் முன்னால். பின்னால் அம்மா. இடது மூலையில் ஆயா, மடியில் பழக்கூடை. மொரட்டாண்டி டோல்கேட் தாண்டியதும் அகலச் சாலை. அப்பாவுக்கு உற்சாகம், எழுபதில் போய்க்கொண்டிருந்தார். நான் வில்லிஸ் ஜீப் கதையை இரண்டாம் தடவை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆயா குரல் கொடுத்தார். "ராசா, என் சீட்டுக்கு அடியில யாரோ தட்றாங்கடா."

"குதுர வண்டின்னா தட்டத்தான் செய்யும் ஆயா" என்று சிரித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். "இது குழியில வுழற சத்தம் இல்லடா. சமமா இருக்கிற ரோட்லயும் தட்டுது. இப்ப வேகமா தட்டுது."

இதற்கும் நான் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்பா ஒன்றுமே பேசாமல் காலை எடுத்து, மெதுவாக இடது ஓரம் ஒதுக்கி, ஒரு புளியமரத்துப் பக்கம் நிறுத்தினார். கிளியனூர் தாண்டி இருந்தோம். பிரேக்கை அழுத்தும்போது வண்டியின் பின்பக்கம் ஒரு தடவை நெளிந்தது. அது எனக்கும் தெரிந்தது.

இறங்கிப் போய் இடது பின்சக்கரத்தில் கை வைத்தேன். நட்டு கையோடு சுற்றியது. ஸ்பேனர் இல்லாமல், விரலால். ஐந்தில் மூன்று அப்படி. நாலாவது லூஸ். ஐந்தாவது ஒன்று மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கு நேர் மேலேதான் ஆயா பழக்கூடையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு பறந்தது. எனக்கு முழங்காலில் தெம்பு இல்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா என்னைத் திட்டவில்லை. ஒரு வார்த்தைகூட. ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் எடுத்து, எல்லாரையும் இறக்கி மரத்தடியில் நிற்க வைத்து, நாலு சக்கரத்தையும் கையால் முடுக்கினார். திரும்ப முப்பதிலேயே ஓட்டிக்கொண்டு வீடு வந்தோம். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி முடுக்கினார். விசேஷத்துக்குப் போகவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. திட்டியிருந்தால் வந்திருக்கும்.

மறுநாள் எங்கள் பழைய மெக்கானிக் அண்ணனிடம் போனோம். எனக்கு ஒரே குழப்பம். பிசிடி சரி, நடு ஓட்டை சரி, மரை சரி, கூம்பு சரி. பின்னே ஏன்? அண்ணன் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே பிரேக் டிரம்மின் முகத்தைக் காட்டினார்.

"இன்னா தெரியுது பார் தம்பி."

நடுவில் ஒரு வட்டம் மட்டும் பளபளப்பு. அது பழைய இரும்பு ரிம் பதினாலு வருஷமாக ஒட்டிக்கொண்டிருந்த இடம். அதைச் சுற்றி மற்ற இடமெல்லாம் துரு, பொருக்குத் தட்டி மேடாக நிற்கிறது. இரும்பு ரிம் அழுத்தி வளைத்த தகடு. அது ஒரு வளையமாக மட்டும்தான் தொடும். அலாய் ரிம்மின் முகமோ அகலமான சமதளம். பழைய ரிம் என்றைக்கும் தொடாத இடத்தையும் அது தொடுகிறது. ஆக எங்கள் புது ரிம் டிரம்மின் மேல் உட்காரவே இல்லை. துருவின் மேல் உட்கார்ந்திருந்தது. ஏர் கன் அடித்து முடுக்கியபோது நட்டு என்னவோ இறுக்கமாகத்தான் இருந்திருக்கும். வண்டி ஓட ஓட அந்தத் துரு நசுங்கி உதிர்ந்தது. உதிர்ந்ததும் நட்டு லூஸ்.

"எல்லாம் பாத்தே. நம்பர் மேல நம்பரா பாத்தே. ஒட்ற எடத்தைப் பாக்கலியே" என்றார் அண்ணன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பாடப் புத்தகத்தில் போன வருஷமே படித்ததுதான். சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பது போல்ட்டின் தண்டு இல்லை. நட்டை முடுக்கும்போது போல்ட் ரப்பர் பேண்ட் மாதிரி துளி நீள்கிறது. திரும்பச் சுருங்க அது இழுக்கும் இழுப்புதான் ரிம்மை டிரம்மோடு அழுத்துகிறது. அந்த நீட்சி எவ்வளவு? பிடியில் இருக்கும் நீளம் 25 மி.மீ. என்று வைத்துக்கொண்டு, எஃகின் மீள்தன்மையைப் போட்டால் சுமார் 0.05 மி.மீ. நோட்டுத் தாளின் தடிமனே 0.1 மி.மீ. இருக்கும். அதாவது நடுவில் மாட்டிய துரு, தாளில் பாதி அளவு நசுங்கினால் போதும். மொத்த இறுக்கமும் காலி. பரீட்சையில் இந்தக் கணக்குக்கு முழு மார்க் வாங்கியவன் நான். கோரிமேட்டிலிருந்து கிளியனூர் வரை அதன் மேலேயே உட்கார்ந்து போயிருக்கிறேன், தெரியவில்லை.

அண்ணன் செய்த வைத்தியம் ரொம்பச் சாதாரணம். கம்பி பிரஷ், அப்புறம் எமரித் தாள். நாலு டிரம், டிஸ்க் முகங்களையும் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்தார். பாதியை என்னிடம் கொடுத்துவிட்டார், அரை நாள் வேலை. தேய்த்த முகத்தில் வெள்ளை பெயிண்டை மெல்லிசாகத் தொட்டு, ரிம்மை வைத்து எடுத்துப் பார்த்தார். முழுக்க ஒட்டியிருந்தது. பெயிண்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார். முதலில் ஐந்து நட்டும் கையால். அப்புறம் ஒன்று விட்டு ஒன்று, நட்சத்திரம் போடுகிற மாதிரி. வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு டார்க் ரெஞ்ச் வைத்துக் கடைசி முடுக்கு. ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொல்லி மறுபடி ஒரு தடவை. ஏர் கன்னைத் தொடவே இல்லை. நசுங்கிய கூம்போடு இருந்த அந்த மூன்று நட்டையும் என் கையில் கொடுத்து, "வெச்சுக்கோ" என்றார். என் மேஜையில் இருக்கின்றன. அந்தச் சக்கரத்தின் ஐந்து போல்ட்டையும் புதுசாக மாற்றிவிட்டார். ஒரு தடவை லூஸாக ஓடிய போல்ட்டை நம்பக் கூடாதாம்.

அப்பா ஒன்று மட்டும் சொன்னார். "டயரை மாத்திடலாம். கம்பெனி சொன்ன அளவே இருக்கட்டும்."

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். உயரமான டயர்தானே கம்பீரம். ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, வண்டியைத் தயாரிப்பாளர் சொன்ன விவரங்களிலிருந்து வேறுபடும்படி மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. சட்டத்தை விடுங்கள். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும் வண்டியை ஆறு மாதத்தில் பரிசோதனைக்கு நிறுத்துவானேன்? 205/70 டயர் அதே ரிம்மில் தாராளமாக உட்காரும். வந்த டயரை விற்று, பழைய அளவில் ஐந்து புது டயர் வாங்கினோம்.

ஏன் ஐந்து? ஸ்டெப்னியும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஜிப்சியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரென்ஷியல் கிடையாது. நாலு சக்கர இழுவையைப் போட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். ஒரு டயர் மட்டும் 25 மி.மீ. சின்னதாக இருந்தால், தார் ரோட்டில் கியர் பெட்டிகள் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொள்ளும். சேற்றிலும் வெள்ளத்திலும் சக்கரம் வழுக்கித் தப்பித்துக்கொள்ளும். காய்ந்த ரோட்டில் தப்பிக்காது.

இன்னொன்று, எங்கள் வண்டிக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் அண்ணன் சொன்னது. பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளில் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. வழக்கமான பக்கம் சுற்றினால் கழலாது, இன்னும் இறுகும். அது தெரியாமல் குழாயைச் சொருகி மிதித்துப் போல்ட்டை முறித்தவர்கள் நிறையப் பேராம். போல்ட்டும் அரை அங்குலம், மில்லிமீட்டர் நட்டு ஏறவே கூடாது. பழைய ஜீப்புக்குப் புது ரிம் தேடுபவர்கள் முதலில் இடது பக்க நட்டைப் பாருங்கள்.

2025 நடுவில் வண்டி பரிசோதனைக்குப் போனது. அப்பா முதல் நாளே வண்டியைக் கழுவி, நெற்றியில் சந்தனம் வைத்துக்கொண்டு கிளம்பினார். பார்த்த அதிகாரி குனிந்து சக்கரத்தைத் தட்டி, "இது ஜிம்னி ரிம் இல்ல?" என்றார். அப்பா எனக்கு முன்னால் பதில் சொன்னார். "ஆமா சார். டயர் அளவு பழசுதான். என் பையன் பாத்துப் பாத்துப் போட்டான்."

பாத்துப் பாத்து! எனக்கு அங்கேயே தலை குனிந்துவிட்டது. அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, அதுதான் பிரச்சினை.

வண்டி தேறியது. இன்னும் ஐந்து வருஷம்.

இப்போது வீட்டில் ஒரு பழக்கம். எங்கே வெளியூர் கிளம்பினாலும் நான் ஸ்பேனரோடு நாலு சக்கரத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவேன், இருபது நட்டு. ஆயா தன் மூலையில் ஏறி உட்கார்ந்து, சீட்டுக்கு அடியில் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "ம், போலாம்" என்பார்.

அவர் சொல்லாமல் அப்பா கியர் போடுவதில்லை.